அட்டையை எண்ணுவதா, அட்டையைப் பற்றி யோசிப்பதா?

தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையில் எம்.எஸ்சி. முடிக்கப் போகிறாள் என் தங்கை மகள். கடல் அட்டை (கடலடியில் ஊர்ந்து வாழும், வெள்ளரிக்காய் போன்ற உடல் கொண்ட உயிர்) பற்றி வெளிவந்த பழைய கணக்கெடுப்புகளைத் தொகுப்பதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். அதை எழுதி முடிக்கும்போது கேட்டாள்: "மாமா, இன்னும் அஞ்சு வருஷம் அட்டையை எண்ணணுமா? எண்ணினதை வச்சு எப்படி ஒரு முடிவுக்கு வர்றோம்னு யோசிக்கிற படிப்பு ஒண்ணு இருக்குல்ல, அதுக்குப் போகலாமா?"

இருக்கிறது. அறிவியல் தத்துவம் என்று பெயர். ஒரு கோட்பாடு எப்போது ஏற்கத்தக்கது, சான்று என்பது என்ன, அறிவியல் கட்டும் மாதிரிகள் (மாடல்கள்) உலகத்தைக் காட்டுகின்றனவா அல்லது நம் வசதிக்கு வளைக்கின்றனவா என்பன போன்ற கேள்விகளை எடுத்துக்கொண்டு வேலை செய்கிற துறை. அவள் அப்பா தங்கச்சிமடத்தில் விசைப்படகு ஓட்டுகிறவர். அவர் கேட்டது வேறு: "மச்சான், அது சோறு போடுமா?" இரண்டு கேள்விக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மண்டபம், கீழக்கரை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து இயற்பியலோ உயிரியலோ படித்துவிட்டு இதே கேள்வியோடு வருகிற பிள்ளைகள் வேறு சிலரும் உண்டு. நான் வேதியியல் படித்து, தத்துவத்துக்கு மாறி, இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப்போகத் தெரிந்துவிடும்.

வழிகள் மூன்று. முதலாவது, அறிவியலை விட்டு இறங்கி, தத்துவத்தில் முறையாக எம்.ஏ. படித்து, பிறகு பிஎச்.டி. இரண்டாவது, கையிலிருக்கும் எம்.எஸ்சி.யை வைத்துக்கொண்டு ஐ.ஐ.டி. போன்ற இடங்களின் மானுடவியல் (ஹ்யூமானிட்டீஸ்) துறையில் நேரே தத்துவ ஆய்வில் சேர்வது. மூன்றாவது, கடல் உயிரியலிலேயே பிஎச்.டி. செய்துகொண்டு தத்துவத்தைக் கூடவே வைத்துக்கொள்வது. பாடத்திட்டத்தையும் உதவித்தொகையையும் மட்டும் வரிசையாக ஒப்பிட்டால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். அதனால் ஒரே பொருளை மூன்று வழியிலும் அனுப்பிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அவளிடம் ஏற்கெனவே இருக்கிற பொருளையே எடுத்துக்கொள்கிறேன்: கடல் அட்டை.

இந்தக் கரைக்காரர்களுக்கு அதன் கதை தெரியும். ஒரு காலத்தில் முங்கி எடுத்து, அவித்து, மணலில் புதைத்து, காயவைத்து, சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் அனுப்பிக்கொண்டிருந்தோம். 2001இல் மத்திய அரசு கடல் அட்டை இனங்கள் அத்தனையையும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. அன்றிலிருந்து ஓர் அட்டையைக் கையில் வைத்திருந்தாலே வழக்கு. எதிர்க்கரையில், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும், அனுமதி பெற்று எடுக்கிறார்கள். பண்ணை வைத்து வளர்க்கவும் செய்கிறார்கள். கடல் ஒன்று, அட்டையும் ஒன்று, சட்டம்தான் இரண்டு. போதுமான கணக்கெடுப்பு இல்லாமலே தடை வந்தது என்பது நம் மீனவர்களின் நெடுநாள் வாதம். பிடிபடும் அட்டை வரவரச் சிறுத்துக்கொண்டே வந்தது, கணக்கெடுத்து முடிக்கும்வரை காத்திருந்தால் எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது என்பது தடையை ஆதரிப்பவர்களின் பதில்.

இதில் எத்தனை அட்டை இருக்கிறது என்பது அறிவியல் கேள்வி. எவ்வளவு சான்று இருந்தால் போதும் என்பது அறிவியலுக்குள்ளேயே எழுகிற, ஆனால் அறிவியலின் முறைகளால் மட்டும் தீர்க்க முடியாத கேள்வி. யாருடைய சொல் சான்றாகும் என்பது இன்னொன்று. தோற்றத்திலும் வாழ்க்கை முறையிலும் வேறுபடுகிற நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை ஒரே கயிற்றில் கட்டி அட்டவணையில் போடலாமா என்பது வகைப்பாடு பற்றிய கேள்வி. எந்த வழியில் போகிறோம் என்பதைப் பொறுத்து, இவற்றில் எது கைக்கு வருகிறது என்பது மாறுகிறது.

முதல் வழியை எடுத்துக்கொள்வோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராதாகிருஷ்ணன் தத்துவ உயராய்வு மையம், புதுச்சேரி, ஹைதராபாத் பல்கலைக்கழகங்கள் ஆகியவை நம் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. இரண்டு ஆண்டுகள். தருக்கம், பிளேட்டோ முதல் காண்ட் வரை, இந்திய தரிசனங்கள், அறவியல். அறிவியல் பிள்ளைகளுக்கு முதல் பருவம் திணறும். ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்ததும் நேரே வரைபடத்துக்கும் அட்டவணைக்கும் தாவிப் பழகிய கண், காண்ட்டின் இரண்டு பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். அது பழகிவிடும். பழகாத ஒன்று உண்டு: பல இடங்களில் அறிவியல் தத்துவம் என்பது ஒரேயொரு தாள். அதுவும் பெரும்பாலும் கார்ல் பாப்பர், தாமஸ் கூன் என்ற இரண்டு பேரோடு முடிந்துவிடும். தவறென்று காட்ட வழி இருக்கிற கோட்பாடுதான் அறிவியல் என்கிற பொய்ப்பித்தல் கொள்கையைப் பாப்பர் எழுதியது 1934இல். கூன் அறிவியல் புரட்சிகளைப் பற்றி எழுதியது 1962இல். அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. மாதிரிகள், பரிசோதனைகள், அறிவியலில் மதிப்பீடுகளின் இடம், உயிரியல் தத்துவம் என்று துறை எங்கேயோ போய்விட்டது.

அதற்காக இந்த வழியை இளக்காரமாகப் பேச மாட்டேன். மற்ற இரண்டு வழியிலும் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும். அறிவு எந்த வழிகளில் கிடைக்கிறது என்று ஆராயும் அளவையியலைப் பாருங்கள். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பலரும் சொல்கிற அளவைகளை எல்லாம் பட்டியலிட்டுவிட்டு, எல்லாம் காண்டல் (நேரே காண்பது), கருதல் (அனுமானம்), உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறது. உரை என்றால் நம்பத்தக்கவர் சொல். இந்தியத் தருக்க மரபான நியாய தரிசனமும் சொல்லைத் தனி அளவையாகவே வைக்கிறது. அப்படியானால் நம்பத்தக்கவர் யார்? நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்து, அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புகிறவர் நம்பத்தக்கவர் என்கிறார். அதோடு நிற்கவில்லை. இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் (அயலானுக்கும்) சமம் என்று ஒரு வாக்கியம் சேர்க்கிறார். சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வாக்கியம் இது!

இதைக் கடல் அட்டைக்குக் கொண்டுவாருங்கள். வேதாளையிலோ பெரியபட்டினத்திலோ 30 வருடம் முங்கிய ஒருவர், "இந்தப் பாருக்குத் தெற்கே அட்டை குறையலை, சேத்துப் பக்கம்தான் போயிருக்கு" என்கிறார். (பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு.) அது தரவா, வெறும் பேச்சா? கணக்கெடுப்பு அறிக்கையில் அது 'மீனவர்களிடம் கேட்டறிந்தவை' என்று ஒரு பத்தியாக ஒதுங்கிவிடும், எண்ணாக மாறாது. அவருக்குத் தடை நீங்கினால் லாபம், ஆகவே அவர் சொல் பாரபட்சமானது என்று ஒதுக்கலாமா? வாத்ஸ்யாயனர் கேட்கும் இரண்டு நிபந்தனைகளில் நேரே அறிதல் இவரிடம் இருக்கிறது. அறிந்தபடி சொல்லும் விருப்பம்தான் ஐயத்துக்குரியது. ஐயத்தை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டுகிற கருவி கடலியல் பாடத்தில் கிடையாது. சொல்லைச் சான்றாகக் கொள்வது பற்றி இன்றைய மேற்கத்திய அறிவாராய்ச்சியில் நடக்கும் விவாதத்தோடு இதைச் சேர்த்து எழுதினால் அது நல்ல ஆய்வேடாகும். அதற்கு எம்.ஏ. வழிதான் சரியான வழி. மூல நூலை ஒரு ஆசிரியரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது.

வேலைவாய்ப்பு? தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தத்துவத் துறைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதைப் பூசி மெழுக விரும்பவில்லை.

இரண்டாவது வழியில்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

சென்னை, மும்பை, கான்பூர் ஐ.ஐ.டி.களில் மானுடவியல் மற்றும் சமூக அறிவியல் துறைகள் உண்டு. அவற்றில் தத்துவப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் இந்திய அறிவியல் கழக வளாகத்துக்குள்ளேயே தேசிய உயராய்வு நிறுவனம் இருக்கிறது. ஜே.ஆர்.டி. டாட்டாவின் எண்ணத்தில் உருவாகி, 1988இல் ராஜா ராமண்ணாவை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கியது. அறிவியலில் முதுகலை முடித்தவர்களும் இதுபோன்ற இடங்களில் தத்துவ ஆய்வுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. தகுதி விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படிக்க வேண்டும். அறிவியலிலிருந்து தத்துவத்துக்கு வந்தவர்களுக்கு இது புதிய பாதையும் அல்ல. கூன் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியது இயற்பியலில். நம் ஊரில் சுந்தர் சருக்கையும் இயற்பியல் முனைவர்தான். பெங்களூரில் மேற்சொன்ன நிறுவனத்தில் இருந்துவிட்டு, மணிப்பாலில் தத்துவத்துக்கும் மானுடவியலுக்கும் ஒரு மையத்தைத் தொடங்கி நடத்தியவர்.

இந்த வழியில் போனால் கடல் அட்டை எப்படி மாறும்? கணக்கெடுப்பு நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கடலடியில் குறிப்பிட்ட நீளத்துக்குக் கயிறு விரிக்கிறார்கள். முங்குகிறவர் கயிற்றோடு நீந்திக்கொண்டே அதன் இரு பக்கமும் குறிப்பிட்ட அகலத்துக்குள் தெரிகிற அட்டைகளை எண்ணிப் பலகையில் குறிக்கிறார். நம் பக்கம் விலை போன வெள்ளை அட்டை, நாளின் ஒரு பகுதியை மணலுக்குள் புதைந்தே கழிக்கும். தண்ணீர் கலங்கியிருக்கிறது. மணல் மேடு போல ஒன்று லேசாகப் புடைத்திருக்கிறது. அது அட்டையா, மணலா? எண்ணலாமா, விடலாமா? முங்குகிறவர் ஒரு நொடியில் முடிவு செய்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். ஐயமானதை எல்லாம் விட்டுவிட்டால் கணக்கு குறையும். இல்லாத அழிவு இருப்பதாகத் தோன்றும். ஐயமானதை எல்லாம் சேர்த்தால் கணக்கு கூடும். இருக்கிற அழிவு மறைந்துபோகும். ஒரு தவறின் விலையை அட்டை கொடுக்கிறது, இன்னொரு தவறின் விலையை முங்குகிறவர் வீடு கொடுக்கிறது.

ரிச்சர்ட் ருட்னர் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1953இல் இதைத்தான் சொன்னார். ஒரு கருதுகோளை ஏற்கப் போதுமான சான்று எவ்வளவு என்பது, அது தவறாகிப் போனால் என்ன கேடு என்பதைப் பொறுத்தது. மருந்தில் நச்சுப் பொருள் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும், இடைவார் கொக்கிகளில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் ஒரே அளவு உறுதியை யாரும் கேட்பதில்லை. ஆகவே அறிவியலாளர் அறிவியலாளராக இருக்கும்போதே மதிப்பீடு செய்கிறார் என்பது அவர் வாதம். இதை மறுத்து 1956இல் ரிச்சர்ட் ஜெஃப்ரி எழுதினார்: அறிவியலாளர் எதையும் ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், நிகழ்தகவை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ளட்டும், முடிவை அரசு எடுக்கட்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹெதர் டக்ளஸ் 2000இல் எழுதிய கட்டுரை இதற்குள் ஒரு ஓட்டையைக் காட்டியது. டையாக்சின் என்ற நச்சைக் கொடுத்த எலிகளின் ஈரல் துண்டுகளைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்த நிபுணர்கள், ஒரே தகட்டை வேறுவேறு விதமாகப் படித்திருக்கிறார்கள். இது புற்றா இல்லையா என்று ஐயம் வரும் தகட்டை எந்தப் பக்கம் தள்ளுவது என்கிற இடத்திலேயே மதிப்பீடு நுழைந்துவிடுகிறது. நிகழ்தகவு கணக்கிடத் தேவையான எண் பிறக்கும் முன்பே அது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கலங்கிய தண்ணீருக்குள் புடைத்திருக்கும் அந்த மணல் மேடு, டக்ளஸின் கண்ணாடித் தகடேதான். என் மருமகளிடம் இதைச் சொன்னபோது அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். அவள் தொகுத்த கணக்கெடுப்புகளில் ஐயமானவற்றை என்ன செய்தார்கள் என்று சிலவற்றில் ஒரு வரிகூட இல்லையாம். இதுதான் இரண்டாவது வழியின் பலம். தத்துவம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பார். அறிவியல் விவரம் உன்னிடம் இருக்கும். அந்த விவரம் இல்லாமல் அறிவியல் தத்துவம் எழுதுகிறவர்கள் எல்லா எடுத்துக்காட்டையும் பழைய இயற்பியலிலிருந்தே எடுப்பார்கள். பாதரசமும் வியாழன் கோளின் நிலவுகளும் திரும்பத் திரும்ப வரும்.

இதன் பலவீனங்களையும் சொல்லிவிடுகிறேன். அடிப்படைப் பயிற்சியில் ஓட்டை இருக்கும். பிஎச்.டி. முதல் ஆண்டுப் பாடங்களில் தருக்கமும் அறிவாராய்ச்சியும் கொஞ்சம் கற்றுத்தருவார்கள். இரண்டு ஆண்டு எம்.ஏ.வுக்கு அது ஈடாகாது. அப்புறம், எல்லாமே ஒரு கைடை நம்பி நிற்கிறது. துறையில் நாலு தத்துவப் பேராசிரியர் இருந்தால் அதில் அறிவியல் தத்துவம் செய்கிறவர் ஒருவராக இருப்பார். அவர் வெளிநாட்டு விடுப்பில் போய்விட்டால் நீ தனி. மூன்றாவது சிக்கலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உதவிப் பேராசிரியர் வேலைக்கு, அந்தப் பாடத்தில் அல்லது அதோடு தொடர்புள்ள பாடத்தில் முதுகலை வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி கேட்கிறது. உன் முனைவர் பட்டம் தத்துவத்தில், முதுகலை கடலியலில். நேர்முகத்தில் ஒருவர் கோப்பைப் புரட்டி, "எம்.ஏ. எங்கே?" என்று கேட்டால் பதில் இல்லை. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வைத் தத்துவப் பாடத்தில் எழுதுவதற்கும் இதே இடைஞ்சல். இப்படித் தத்துவத்தில் பிஎச்.டி. முடித்த ஒருவருக்கு இந்தக் காரணத்துக்காகவே ஒரு வேலை கைநழுவிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் தத்துவ எம்.ஏ. தொலைநிலையில் படிக்கலாம், எந்தப் பட்டதாரியும் சேரலாம். மதுரையில் வட்டார மையம் இருக்கிறது. பாடநூல்கள் இ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன; சேர்வதற்கு முன்பே படித்துப் பார்த்து, பிடிக்குமா என்று தெரிந்துகொள்ளலாம். ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு படிக்கலாம் என்று 2022இல் மானியக் குழு அனுமதித்ததே என்பார்கள். சரிதான், ஆனால் அந்த அனுமதி பிஎச்.டி.க்குப் பொருந்தாது. ஆகவே தொலைநிலை எம்.ஏ.வை ஆய்வில் சேர்வதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

மூன்றாவது வழி நம் வாசலிலேயே இருக்கிறது. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் மண்டபத்தில்தான் இருந்தது. 1971இல்தான் தலைமையகம் கொச்சிக்குப் போனது, மண்டபத்தில் பெரிய மையம் இன்றும் இருக்கிறது. கடலுக்குள் 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986 முதல் இருக்கிறது. ஆய்வுப் பொருளைத் தேடி எங்கும் போக வேண்டாம். வேலைவாய்ப்பும் மூன்று வழிகளில் இதில்தான் அதிகம்: ஆராய்ச்சி நிறுவனங்கள், மீன்வளத் துறை, திட்ட வேலைகள், கல்லூரிகள். அவள் அப்பாவின் ஓட்டு இதற்குத்தான்.

கடலையும் தத்துவத்தையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டவர்களும் இருந்திருக்கிறார்கள். வில்லியம் ஹியூவெல் 19ஆம் நூற்றாண்டில் அறிவியலின் முறையைப் பற்றித் தடித்தடியாக எழுதிய தத்துவவாதி. அதே ஆள்தான் 1835இல் ஒன்பது நாடுகளில் 600க்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே நாட்களில் கடல் ஏற்ற இறக்கத்தை அளக்கவைத்தவர். துறைமுக ஊழியர்களும் மாலுமிகளும் அளந்து அனுப்பிய எண்களை வைத்துத்தான் அவர் தொகுத்தறிதல் (தனித்தனித் தரவுகளிலிருந்து பொது முடிவுக்கு வருவது) பற்றியும் யோசித்தார். இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ரிச்சர்ட் லெவின்ஸ். அவர் உயிரியலாளர். 1966இல் உயிர்த்தொகை மாதிரிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்: பொதுமை, யதார்த்தம், துல்லியம் மூன்றையும் ஒரே மாதிரியில் உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது, ஒன்றை விட்டுத்தான் மற்ற இரண்டைப் பிடிக்க வேண்டும் என்று. இன்றுவரை தத்துவவாதிகள் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு மீன் பிடித்தால் இருப்பு குறையாது என்று எல்லை சொல்கிற மீன்வளக் கணக்குகளைப் பார்க்கிற யாருக்கும் லெவின்ஸின் சிக்கல் உடனே புரியும். பாக் நீரிணையில் பல இனம் கலந்து வலையில் விழுகிற இடத்தில், ஒரே இனத்துக்குக் கட்டிய மாதிரி துல்லியமான எண்ணைக் கொடுத்தால், அது எதைக் கைவிட்டுத் துல்லியமானது என்று கேட்கத் தோன்றும்.

அப்படியானால் மூன்றாவது வழிக்கே போய்விடலாமே என்றால், என் தயக்கம் நேரத்தைப் பற்றியது அல்ல. நேரம் கிடைக்கும், கடல் கொந்தளிக்கும் மாதங்களில் களவேலை எப்படியும் நிற்கும். தயக்கம் வாசகரைப் பற்றியது. கடல் உயிரியல் ஆய்வேட்டில் நீ சான்றைப் பற்றி 40 பக்கம் எழுதினால், உன் கைடு நல்லவராக இருந்தால், "நல்லா இருக்கும்மா, அறிமுகத்தில் ரெண்டு பக்கமா சுருக்கிடு" என்பார். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அவர் துறையின் தேர்வாளர் கேட்கப்போவது வேறு. ஆனால் அந்த 40 பக்கத்தில் உன் வாதம் எங்கே ஓட்டை, இதை ஜெஃப்ரி ஏற்கெனவே மறுத்துவிட்டாரே, நீ 'சான்று' என்பதை மூன்றாம் பக்கத்தில் ஒரு பொருளிலும் பத்தாம் பக்கத்தில் வேறு பொருளிலும் எழுதியிருக்கிறாயே என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. ஆய்வகத்தில் கருவி தப்புக் காட்டினால் தெரிந்துவிடும். வாதம் தப்புப் போனால் இன்னொருவர் சொன்னால்தான் தெரியும். அப்படிச் சொல்கிறவர் இல்லாமல் வளர்கிற தத்துவ எழுத்து, நம்பிக்கை மட்டும் தடித்துப்போய் ஓய்வுபெற்ற பிறகு எழுதுகிற வகை எழுத்தாகிவிடும். இந்த வகையில் சில நூல்கள் எனக்கு அன்பளிப்பாகவே வந்திருக்கின்றன.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றியும் கேட்பார்கள். லண்டன் எகனாமிக்ஸ் கல்லூரி, கேம்பிரிட்ஜ், பிட்ஸ்பர்க் மூன்றும் இந்தத் துறையின் பெரிய பெயர்கள். முழு உதவித்தொகை கிடைத்தால் யோசிக்காமல் போகலாம். கடன் வாங்கி ஓராண்டு முதுகலைக்குப் போவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். படகை அடகு வைத்துப் படிக்கிற படிப்பு இல்லை இது.

பணத்தைப் பொறுத்தவரை மூன்று வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. தத்துவத்துக்கும் அதேதான். வயது வரம்பு உண்டு. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு. பிஎச்.டி.க்கு மானியக் குழு விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. ஆக, உதவித்தொகை வந்துவிட்டால் அந்த ஆண்டுகளில் வீட்டைக் கேட்க வேண்டியதில்லை. முதல் வழியின் எம்.ஏ. இரண்டு ஆண்டுதான் கையைக் கடிக்கும். அதன் பிறகான வேலையில்தான் மூன்றாவது வழி முன்னே நிற்கிறது, நன்றாகவே முன்னே நிற்கிறது.

இவ்வளவும் வைத்து நான் அவளுக்குச் சொன்னது இரண்டாவது வழி, ஆனால் உடனே அல்ல. இரண்டு ஆண்டு இங்கேயே, மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ ஏதாவது ஒரு கடல் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்துகொள். கணக்கெடுப்புப் படகில் ஏறு. மாலையில் இக்னோ பாடத்தைப் படி. எம்.ஏ. முடிக்கும் நேரத்தில் தத்துவ நெட் எழுது. அதன் பிறகு ஐ.ஐ.டி.க்கோ பெங்களூருக்கோ விண்ணப்பி. இதில் ஆண்டு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் கடலில் கழித்த அந்த இரண்டு ஆண்டுதான் உன் ஆய்வேட்டின் சரக்கு. அது இல்லாவிட்டால் நீயும் வியாழனின் நிலவுகளைப் பற்றித்தான் எழுதுவாய்.

எல்லோருக்கும் இதே பதில் பொருந்தாது. 'எத்தனை இருக்கிறது' என்பதுதான் ஒருவரைத் தூங்கவிடாமல் செய்கிறது என்றால் மூன்றாவது வழியை விட்டு எங்கும் போகக் கூடாது. தத்துவ வாசனை வேண்டும் என்பதற்காக நல்ல கணக்கெடுப்பாளர் ஒருவரை இழக்கிற நிலையில் இந்தக் கடல் இல்லை. அறிவு என்றால் என்ன என்கிற கேள்வியே ஆட்டிப்படைக்கிறது, அட்டை அதற்கு ஒரு சாக்கு மட்டும்தான் என்றால் முதல் வழி. சமஸ்கிருதமோ பழந்தமிழோ படிக்கவும் தயாராக வேண்டும். எது என்று தெரியவில்லையா? ஒரு எளிய சோதனை இருக்கிறது. 1986 முதல் வெளிவருகிற 'பயாலஜி அண்ட் பிலாசபி' இதழின் ஒரு வெளியீட்டையும், கடல் உயிரியல் இதழ் ஒன்றின் ஒரு வெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் படித்துப் பார்க்கவும். எதில் அடிக்குறிப்புவரை போகிறீர்கள், எதில் சுருக்கத்தோடு நின்றுவிடுகிறீர்கள் என்பதைக் கவனித்தால் போதும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் தத்துவக் கலைக்களஞ்சியம் 1995 முதல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. 'மாதிரிகள்', 'இனங்கள்' பற்றிய கட்டுரைகளில் தொடங்கலாம். செலவு இல்லாமல் ஆழம் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இனி ஒன்றுதான் பாக்கி: கைடுக்கு எழுதுகிற முதல் கடிதம். பிள்ளைகள் பெரும்பாலும் 'எனக்கு அறிவியல் தத்துவத்தில் மிகுந்த ஆர்வம்' என்று தொடங்குவார்கள். அதைப் படித்துவிட்டு ஒரு பேராசிரியர் செய்வதற்கு எதுவும் இல்லை. ஒரு கேள்வி, அது ஏன் கேள்வி என்று ஒரு பத்தி, இதுவரை என்ன படித்தாய் என்று ஒரு பத்தி, அவ்வளவு போதும். என் மருமகள் எழுதிய முதல் வரி, 'கடல் அட்டைத் தடை சரியா தவறா என்று ஆராய விரும்புகிறேன்.' அது நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய கேள்வி என்று அடித்துவிட்டேன். நான் எழுதிக் கொடுத்தது: 'கடலடிக் கணக்கெடுப்பில் ஐயத்துக்குரிய ஒன்றை எண்ணுவதா விடுவதா என்கிற முடிவில், யாருக்கு நேரும் இழப்பைக் கணக்கில் எடுக்கிறோம், அதை எங்கே பதிவு செய்கிறோம்?'

"ரொம்ப நீளமா இருக்கு மாமா" என்றாள். நீளம்தான். வெட்டிக்கொண்டிருக்கிறாள். இக்னோவின் ஜூலை சேர்க்கைக்குப் படிவம் நிரப்பியாகிவிட்டது. அவள் அப்பா கையெழுத்து மட்டும் பாக்கி. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை, அதனால் அதுவரை மனுஷன் கரையில்தான் இருப்பார்.